பேச வராதவர் செய்வது ஊழியம் ஆகுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையில் வாரந்தோறும் ஒரு குழு கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) கொடுக்கவும் வீடு வீடாகப் போய்ப் பேசவும் கிளம்புகிறது. உங்களுக்குப் பேச வராது. நீங்கள் வாரத்தில் இரண்டு நாள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவரின் வீட்டுக்குப் போய் உணவு ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டு வருகிறீர்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை. இயேசுவைப் பற்றி இதுவரை அவரிடம் ஒரு வார்த்தையும் நீங்கள் சொன்னதில்லை. "நல்ல காரியம்தான், ஆனால் இது ஊழியம் ஆகாது; ஆத்துமாவை விட்டுவிட்டுச் சரீரத்தைப் பார்க்கிறீர்கள்" என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். சேவை பெரியதா, பிரசங்கம் பெரியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட உதவியைச் சபையாகச் சேர்ந்து செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிகளுக்கு நடுவில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாய் திறக்காமல் இருந்து அந்தப் பெரியவருக்கு நான் துரோகம் செய்கிறேனோ என்ற பயம் அது. வேதபாடம் நடத்துவதும், வீட்டுப் பராமரிப்புக்குப் போகும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருவதும் என் வேலை. அதனால் மூன்றுக்கும் என்னால் முடிந்த வரை பதில் சொல்கிறேன். அந்தப் பயத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

இந்தக் குழப்பத்தில் பாதி "ஊழியம்" என்ற சொல்லால் வந்தது. "அவர் ஊழியம் செய்கிறார்" என்று சொன்னாலே பிரசங்கம் செய்கிறார் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் முக்கியமான சொல் டியகோனியா. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில், விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிட்டுக் கொடுக்கும் வேலைக்கு டியகோனியா என்றே பெயர். இரண்டாம் வசனத்தில் பந்தியில் பரிமாறுவதற்கு அதே சொல்லின் வினைவடிவம். நான்காம் வசனத்தில், அப்போஸ்தலர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட வசனப் போதனைக்கும் அதே டியகோனியா. நம் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் முதல் வசனத்தில் "விசாரணை" என்றும், இரண்டாவதில் "பந்திவிசாரணை" என்றும், நான்காவதில் மட்டும் "ஊழியம்" என்றும் போடுகிறது. லூக்கா 10:40-ல் மார்த்தாள் ஓடியாடிச் செய்ததும் டியகோனியாதான். தமிழில் அது "பற்பல வேலைகள்". 2 கொரிந்தியர் 9:1-ல் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்ததும் அதே சொல், தமிழில் "தர்மசகாயம்". மொழிபெயர்த்தவர்கள் தப்புச் செய்யவில்லை, இடத்துக்குப் பொருந்தும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்கு அடுப்படியும் தர்மப் பணமும் பிரசங்க மேடையும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டன என்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டியகோனியா என்றால் தாழ்மையான பணிவிடை என்றுதான் வெகுகாலம் விளக்கி வந்தார்கள். 1990-ஐ ஒட்டி வந்த ஆராய்ச்சிகள், ஒருவர் ஒப்படைத்த பொறுப்பை அவர் சார்பில் நிறைவேற்றுவது என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்று வாதிடுகின்றன. அது இன்னும் முடியாத விவாதம். எந்தப் பொருளை எடுத்தாலும் உங்கள் விஷயத்தில் முடிவு மாறாது. உணவு பங்கிடுவதும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, போதிப்பதும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. நீங்கள் செய்வது ஊழியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் அதே அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்து நீட்டலாம். "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல" என்று அப்போஸ்தலர்களே சொல்கிறார்களே என்பார். அதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது, முழுக்க வாசிக்க வேண்டும். தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட போதனையை விட்டுவிட்டுத் தாங்களே பந்திக்குப் போவது சரியில்லை என்கிறார்கள். பந்தி வேலை சில்லறை வேலை என்று சொல்லவில்லை. அப்படி நினைத்திருந்தால் கையில் கிடைத்த யாரையாவது போட்டிருப்பார்கள். அவர்கள் கேட்டதோ பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்ற ஏழு பேர். உணவு பங்கீட்டுக்கு இவ்வளவு தகுதியா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கே எழுந்த முறுமுறுப்பு எதைப் பற்றியது? கிரேக்க மொழி பேசும் யூத விதவைகள் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். உதவி செய்கிற இடத்தில்தான் பாரபட்சம் முதலில் நுழைகிறது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஞானம் வேண்டும். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப் போன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று பலர் விளக்குவார்கள். அந்தக் காலத்து யூதர்களில் கிரேக்கப் பெயர் வைத்திருந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருந்ததால் அதை உறுதி என்று சொல்ல மாட்டேன். சாத்தியம் அதிகம் என்று மட்டும் சொல்வேன். இந்த எழுவரில் ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே நீண்ட பிரசங்கம் செய்து உயிரைக் கொடுக்கிறார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் போதிக்கிறார். பந்திக்கென்று நியமிக்கப்பட்டவர்களின் வாயை யாரும் கட்டிப் போடவில்லை.

முதல் நூற்றாண்டுகளில் இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்ததற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. ஏறத்தாழ கி.பி. 155-ல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன் ஞாயிறு ஆராதனையைப் படிப்படியாக விவரிக்கிறார்: வேதவாசிப்பு, தலைமை தாங்குகிறவரின் புத்திமதி, ஜெபம், அப்பமும் இரசமும், அதன் பின் மனமுள்ளவர்கள் கொடுக்கும் காணிக்கை. அந்தக் காணிக்கையிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் பராமரிக்கப்பட்டார்கள். புத்தி சொன்ன அதே மனிதரிடம்தான் அந்தப் பணமும் ஒப்படைக்கப்பட்டது. 251-ஐ ஒட்டி ரோம் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. தம் சபையில் 46 மூப்பர்களும் 7 உதவிக்காரர்களும் இருப்பதாகவும், 1500-க்கும் மேற்பட்ட விதவைகளும் வறியவர்களும் பராமரிக்கப்படுவதாகவும் அதில் கணக்குச் சொல்கிறார். வெளியிலிருந்து வந்த சாட்சி இதைவிட வலுவானது. கிறிஸ்தவத்தை ஒடுக்க விரும்பிய பேரரசர் யூலியான் 362-ல் தம் சமயத்தின் தலைமைப் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று அங்கலாய்க்கிறார். எதிராளியின் வாயிலிருந்து வந்த புகார் என்பதால் இதை மிகைப்படுத்தல் என்று தள்ள முடியாது.

அதற்காகப் பேச்சே வேண்டாம் என்ற பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. "எப்போதும் சுவிசேஷத்தை அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்துங்கள்" என்று துறவி அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் எங்கும் சுற்றுகிறது. உங்களுக்கு ஆறுதலாக யாராவது அதை அனுப்பியிருக்கவும் கூடும். அவருடைய எழுத்துகளிலோ அவரைப் பற்றிய ஆரம்பகால வரலாறுகளிலோ அந்த வாக்கியம் இல்லை. அவர் தம் துறவற சபைக்கு எழுதிய 1221-ஆம் ஆண்டு விதிகளில், சகோதரர்கள் எல்லோரும் தங்கள் செயல்களாலும் பிரசங்கிக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அது பிரசங்கிகளைப் பற்றிய அதிகாரத்திலேயே வருகிறது, அவரும் ஊர் ஊராய்ப் போய்ப் பேசியவர்தான். செயலுக்கு ஒரு எல்லை உண்டு. நீங்கள் ஊட்டும் ஒரு கரண்டி உணவு நீங்கள் அன்புள்ளவர் என்று அந்தப் பெரியவருக்குச் சொல்லும். கிறிஸ்து மரித்து உயிர்த்தார் என்பதை அது சொல்லாது. "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமர் 10-ல் பவுல் கேட்பது அதனால்தான். நடந்த ஒரு காரியத்தைப் பற்றிய செய்தியை ஒருவர் வாயால் சொன்னால்தான் இன்னொருவருக்குத் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தச் சபைகளில் ஒரு பெரிய பிளவு நடந்தது. ஒரு தரப்பு சமுதாயச் சீர்திருத்தமே சுவிசேஷத்தின் சாரம் என்றது. மறுதரப்பு அதைப் பார்த்துப் பயந்து, ஏழைகளுக்கான வேலையையே சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. உங்களிடம் "சரீரத்தைப் பார்க்கிறீர்கள்" என்று சொன்னவருக்கு அந்தச் சண்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்தப் பயம் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய சுவிசேஷ சபைத் தலைவர்கள் இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள். சமூகப் பணி சுவிசேஷ அறிவிப்பு ஆகிவிடாது, ஆனாலும் இரண்டுமே கிறிஸ்தவனின் கடமை என்றார்கள். சபையின் பணியில் சுவிசேஷ அறிவிப்புக்கே முதலிடம் என்றும் அதே ஆவணத்தில் எழுதினார்கள். அந்த முதலிடம் என்ற சொல்லைப் பற்றி இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. கத்தோலிக்க மரபு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் 7, ஆன்மா சார்ந்த இரக்கச் செயல்கள் 7 என்று கணக்கிட்டு, அறியாதவருக்குக் கற்பிப்பதை இரண்டாவது பட்டியலில் சேர்க்கிறது. போதிப்பதும் இரக்கத்தின் ஒரு வகை என்ற அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். இரக்கம் இல்லாமல் போதிப்பவரை அது அந்த இடத்திலேயே கேள்வி கேட்டுவிடுகிறது.

சந்தேகத்துக்கு இடமுள்ள ஒரு வசனத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஆதரவாக அதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். மத்தேயு 25-ல் "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்று தொடங்கும் பகுதி அது. அங்கே வரும் "மிகவும் சிறியவராகிய என் சகோதரர்" யார்? உலகத்தில் துன்பப்படும் எல்லோரும் என்று ஒரு விளக்கம். மத்தேயு மற்ற இடங்களில் "சகோதரர்", "சிறியர்" என்ற சொற்களைச் சீஷர்களுக்கே பயன்படுத்துவதால், துன்பப்படும் விசுவாசிகள்தான் என்று இன்னொரு விளக்கம். இரண்டுக்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. உங்கள் பெரியவர் விசுவாசி இல்லை என்பதால் இந்த ஒரு பகுதியின் மேல் மட்டும் கட்டடம் கட்ட வேண்டாம். நல்ல சமாரியன் உவமை போதும். அடிபட்டுக் கிடந்தவன் எந்த இனம், என்ன விசுவாசம் என்று அந்தக் கதை சொல்லவே இல்லை. செய்த வேலையை மட்டும் துல்லியமாகச் சொல்கிறது: எண்ணெய், திராட்சரசம், கட்டு, சொந்த வாகனம், சத்திரம், இரண்டு பணம். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20-லிருந்து தெரிகிறது. ஆக இரண்டு நாள் சம்பளம், அதோடு மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கு. அவன் அங்கே ஒரு வார்த்தையும் போதித்ததாக இல்லை. அந்த உவமைக்கு அடுத்த பத்தியிலேயே லூக்கா மார்த்தாளையும் மரியாளையும் கொண்டுவந்து வைக்கிறார். வேலை செய்தவனைப் போல நீயும் செய் என்று சொன்ன கையோடு, உட்கார்ந்து கேட்டவள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பதில்தான் சபைகள் தடுமாறுகின்றன.

இயேசு நடந்துகொண்ட விதத்தில் உங்கள் பயத்துக்கு நேரான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யோவான் 6-ல் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்கிறார். மறுநாள் அவர்கள் தேடி வந்தபோது, அப்பம் புசித்துத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதன் பின் கடினமான போதனை, அதைக் கேட்டுப் பலர் விலகிப் போகிறார்கள். அப்பம் கொடுத்ததற்காக அவர் வருத்தப்படவில்லை, போதித்ததற்காகவும் வருத்தப்படவில்லை. லூக்கா 17-ல் குஷ்டரோகிகள் 10 பேர் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற 9 பேர் எங்கே என்று கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சுகத்தைத் திரும்பப் பிடுங்கவில்லை. யவீருவின் மகள் எழுந்த மாற்கு 5-ல், சுற்றி நின்றவர்கள் பிரமித்துப் போயிருக்கும்போது, சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். பிரசங்கம் செய்ய அதைவிடப் பெரிய சந்தர்ப்பம் இருந்திருக்குமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றுகிறது. யோவான் 21-ல், மறுதலித்த பேதுருவோடு பேச வேண்டிய பெரிய பேச்சு இருக்கிறது. முதலில் கரிநெருப்பில் மீன். "அவர்கள் போஜனம்பண்ணினபின்பு" என்று எழுதிவிட்டுத்தான் யோவான் அந்தக் கேள்விகளுக்குப் போகிறார். உணவு தூண்டிலாக வைக்கப்படவில்லை, பேச்சும் கைவிடப்படவில்லை. அந்த நேரத்தில் எதிரில் இருப்பவருக்கு எது தேவையோ அது முதலில் வருகிறது.

இனி அந்தப் பெரியவரின் கட்டிலுக்கு வருவோம். தெருவில் கைப்பிரதி கொடுத்தால், வேண்டாதவர் கையை மடக்கிக்கொண்டு நடந்துவிடலாம். வீட்டு வாசலில் நின்று பேசினால் கதவைச் சாத்தலாம். படுக்கையில் இருப்பவருக்கு அது எதுவும் முடியாது. அதோடு அடுத்த வேளை உணவு உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அந்த நிலையில் அவர் எதற்குத் தலையாட்டினாலும் அது சம்மதமா, பயமா, நன்றிக்கடனா என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது, சில சமயம் அவராலும் முடியாது. அங்கே வாயை அடக்கியது துரோகம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குக் கொடுத்த மரியாதை அது. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை விதிகளில் மூன்றாவது, ஒரு அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. காரித்தாஸ், லூத்தரன் உலக சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் அதை முன்மொழிந்தவர்களில் அடக்கம்.

ஊட்டும் நேரத்தில் பேசாமல் இருப்பதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. இதைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை முடிந்த வரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே கீழே இறங்கியிருக்கும்படி தலையணை கொடுத்து, நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போது மூச்சுக்குழலின் வாசல் எளிதாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு சிறு கரண்டி. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்டால், பதில் சொல்ல மூச்சை இழுப்பார், அப்போது உணவு நுரையீரல் பக்கம் போகும். முதியவர்களுக்கு நிமோனியா வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இருமல் வந்தாலோ, விழுங்கிய பின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு, வீட்டாரிடமும் மருத்துவப் பணியாளரிடமும் சொல்லுங்கள். முடித்ததும் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்து, குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்க விடுங்கள். சாப்பிட்ட உடனே படுக்க வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உடம்பு துடைக்கும்போது குதிகால், பிட்டத்துக்கு மேல் இருக்கும் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாடு இவற்றைக் கவனியுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் நிறம் வெளுத்துத் திரும்பாமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்புத் தெரியாது, சூடு, வீக்கம், கடினம் இவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் திசு இன்னும் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அவருடைய உடல்நிலைக்கு அது பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பிரசங்கத்துக்குப் போகிறவர் வசனத்தைப் படித்துத் தயாராகப் போகிறார். சேவைக்குப் போகிறவருக்கு நல்ல மனது இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். நல்ல மனதோடு தப்பாக ஊட்டினால் மனிதர் செத்துப் போவார். சேவையும் படித்துச் செய்ய வேண்டிய ஊழியம் என்று சபை ஒத்துக்கொண்டால், அதைத் தாழ்வாகப் பேசுவது தானாகவே குறையும்.

அப்படியானால் கடைசி வரை பேசவே வேண்டாமா? பேசுவதற்கு ஒரு கதவு இருக்கிறது, அதை அவர் திறக்க வேண்டும். உங்களிடத்திலிருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று 1 பேதுரு 3:15 சொல்கிறது. கேட்கிறவர்களுக்கு என்பதுதான் அதில் முக்கியம். "நீ யாரப்பா, எதற்காக எனக்கு இதெல்லாம் செய்கிறாய்?" என்று ஒரு நாள் அவர் கேட்கலாம். அப்போது "சும்மாதான் ஐயா" என்று சொல்லி நழுவினால் அது அடக்கம் ஆகாது. உண்மையாகக் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை மறைப்பதாகிவிடும். உங்கள் பயம் நியாயமாகிற ஒரே இடம் அதுதான். பேச வராது என்கிறீர்கள், அதனால் மூன்று வாக்கியத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "நான் இயேசுவைப் பின்பற்றுகிறவன் ஐயா. அவர் எனக்குக் காட்டிய இரக்கம் பெரியது. அதனால்தான் வருகிறேன், நீங்கள் என்ன நம்பினாலும் வருவேன்." அவ்வளவுதான். அங்கே நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள், அடுத்த முறை நீங்களாக அதை எடுக்காதீர்கள். ஜெபிக்க ஆசையாக இருந்தால் ஊட்டுவதற்கு முன் கேட்காதீர்கள், அது விலை சொல்வதுபோல் ஆகிவிடும். வேலையெல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில், "வீட்டுக்குப் போய் உங்களுக்காக வேண்டிக்கொள்வேன், இங்கேயே வேண்டிக்கொள்ளலாமா, உங்களுக்கு வசதிப்படாவிட்டால் பரவாயில்லை" என்று ஒரு முறை கேட்கலாம். மறுத்தால், அடுத்த வருகையில் அதே நேரத்துக்குப் போய் அதே அக்கறையோடு ஊட்டுங்கள். அவர் மறுத்ததால் ஒன்றும் குறையவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருடைய பிள்ளைகளோ உறவினர்களோ இருந்தால், நீங்கள் எந்தச் சபை, எதற்காக வருகிறீர்கள் என்பதை அவர்களிடம் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரியவந்தால், இத்தனை நாள் செய்ததெல்லாம் வேஷம் என்று ஆகிவிடும்.

சபையாகச் செய்வது பற்றி. முடியும், ஆனால் சிறிதாகத் தொடங்குங்கள். நான்கு பேர் சேர்ந்தால் இரண்டு வீடுகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். நாளும் நேரமும் எழுதி வைத்து, ஒருவர் வர முடியாவிட்டால் யார் போவது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் பணம் இல்லாமல் நிற்பதில்லை, வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போவதால்தான் நிற்கின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வராத ஆளைக் காத்திருப்பது தனிமையைவிடக் கொடுமை. பணம் புழங்கினால் உறவினர் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பவுல் தர்மப் பணத்தை எடுத்துப் போனபோது, கர்த்தருக்கு முன் மட்டுமல்லாமல் மனிதருக்கு முன்பும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று சொல்லி மற்றச் சகோதரர்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). யாருக்கு உதவுவது என்பதற்கும் அளவுகோல் தேவை. 1 தீமோத்தேயு 5-ல் விதவைகளின் பட்டியலுக்கு 60 வயது என்ற வரம்பும், குடும்பம் இருந்தால் முதலில் குடும்பம் பார்க்கட்டும் என்ற விதியும் இருக்கின்றன. அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் முகம் பார்த்துக் கொடுப்பது குறையும். வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ யாராவது இங்கே இழுப்பார்கள். அந்த வசனம் மனமில்லாதவனைப் பற்றியது, முடியாதவனைப் பற்றியது இல்லை. ஆராதனைக்கு வருவதை உதவிக்கு நிபந்தனையாக்க வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். அறிக்கை தேவையென்றால் எத்தனை வீடு, எத்தனை வருகை, எவ்வளவு செலவு என்று எண்களைக் கொடுங்கள், முகங்களைக் கொடுக்காதீர்கள்.

உங்களைக் குறை சொன்னவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எந்த மனநிலையில் அதைச் சொன்னார் என்பது நீங்கள் எழுதிய இரண்டு வரியிலிருந்து எனக்குத் தெரிய வழியில்லை. கடுமையாகச் சொல்லியிருக்கலாம், உண்மையான பாரத்தோடும் சொல்லியிருக்கலாம். ஆத்துமாவைப் பற்றி அவருக்கு இருக்கும் அக்கறை தப்பானது இல்லை, அதை அவரோடு வாதாடித் தோற்கடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் போதித்தால் தேவனுடைய வாக்கியங்களின்படி போதிக்கட்டும், ஒருவர் உதவி செய்தால் தேவன் தரும் பெலத்தின்படி செய்யட்டும் என்று 1 பேதுரு 4:11 இரண்டு பேரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. அவரிடம் ஒரு உதவி கேளுங்கள். படுக்கையில் இருப்பவரை இழுக்காமல், தோல் உராயாமல் பக்கம் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளும் இடுப்பும் பிடிக்க, இன்னொருவர் விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். தனியாக நீங்கள் இதைச் செய்துகொண்டிருந்தால் அவருக்கும் ஆபத்து, உங்கள் முதுகுக்கும் ஆபத்து. அடுத்த முறை வர முடியுமா என்று அவரைக் கேளுங்கள். அவர் வந்தால், அதற்கடுத்த வாரம் நீங்கள் அவரோடு கைப்பிரதிப் பையைத் தூக்கிக்கொண்டு போய், பேசாமல் பக்கத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.